என் எடைக்குப் பொன்னி அரிசி

என் கணவர் மாதவன் முப்பத்தோரு வருஷம் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தார். அதாவது, அடுத்தவர் செய்ததை அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவது அவர் வேலை. ஒரு திருகாணியைக்கூடத் தன் கையால் முடுக்கியவர் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அளக்க எதுவும் கிடைக்காமல் என் தோசையை அளந்தார். ஓரம் ஒரு பக்கம் தடிமனாம்.

அந்தச் சமயத்தில்தான் ஊட்டி எஸ்டேட்காரர் ஒருவரிடம் இவர் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்தது. அறுபதுகளில் செய்தது. இரண்டே சீட், துணிக் கூரை. கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டமே கிடையாது. ஏற்றினால் கண்ணாடி நேராகப் போய்க் கூரை ரப்பரில் ஒட்டி நிற்க வேண்டும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கதவில் அது ஒட்டவில்லை. பின் மூலையில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி.

நான் உட்கார வேண்டிய பக்கம் அது. "கண்ணாடி பாஸ் ஆகட்டும், ஜோதி. அப்புறம் உக்காரலாம்" என்றார். மூன்று வருஷம் ஆயிற்று.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் என் அக்கா மணிமேகலை இருக்கிறாள். கார் வந்த வாரமே, "அடுத்த தடவை கார்ல வரேன்க்கா" என்று வாய்விட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து போகும்போது கேட்டில் நின்றுகொண்டு, "எங்கடி காரு? காவேரிப் பாலத்துல டிராபிக்கா?" என்பாள். கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும். அந்தக் காரில் ஒரே ஒரு நாள் போய் அவள் வாசலில் இறங்கினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது எனக்கு.

காரோ தரையிலேயே நிற்கவில்லை. டயர் தேயக்கூடாதென்று நாலு பக்கமும் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்திருந்தார். ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். நசுக்க வண்டி கீழே இறங்கினால்தானே? மூன்று வருஷப் பழங்களும் அங்கேயே காய்ந்து கிடந்தன.

கடைசியில் பாலக்கரையிலிருந்து அன்வர் வந்தார். பழைய வண்டிகளின் கதவு, கண்ணாடி வேலையில் கெட்டிக்காரர். குனிந்து பார்த்ததுமே சொன்னார். "கட்டை மேல நிக்கிற வண்டிக்குக் கண்ணாடி செட் பண்ண முடியாதுங்க சார். கீழ இறக்குங்க. ஆளையும் உக்கார வைங்க. பழைய பாடி, வெயிட் விழுந்தா லேசாத் தொய்யும். காலி சீட்டுக்கு செட் பண்ணிட்டு அப்புறம் ஆள் உக்காந்தா, கண்ணாடி ரப்பர்ல இடிச்சு உடைஞ்சிரும். இந்தக் கண்ணாடி வேற கிடைக்காதுங்க."

கண்ணாடி உடையும் என்றதும் இவர் முகம் வெளுத்துவிட்டது. வண்டி இறங்கியது. உட்கார வீட்டில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த சீட்டில் உட்கார்ந்தேன், ஷெட்டுக்குள்ளேயே. அன்வர் கதவின் உள் அட்டையைக் கழற்றி, போல்ட்டுகளைத் தளர்த்தி, கண்ணாடியை நகர்த்தி முடுக்கினார். கதவைச் சாத்தினார். ஊசி நுழைய இடமில்லை.

நான் இறங்கினேன். இரண்டு மில்லிமீட்டர் திறந்துகொண்டது.

"அப்படித்தாங்க சார் இருக்கும். அம்மா உக்காந்தா சரியாயிரும்" என்றார் அன்வர்.

கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! இனி என்னை விட்டுவிட்டு வண்டி எங்கே போகும்? அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் பழைய கார் சங்கத்தின் கூட்டம் வேறு இருந்தது. பரிசு கொடுக்க நடுவர்கள் வருகிறார்களாம். கூட்டம் நடக்கும் மண்டபம் அக்கா வீட்டுத் தெருவிலேயே.

மறுநாள் காலையில் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து என்னை ஏறச் சொன்னார். அறுபத்திரண்டு கிலோ. குறித்துக்கொண்டார். மதியம் மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து என் எடைக்குச் சரியாகப் பொன்னி அரிசி வந்து இறங்கியது. மூன்று மூட்டை. சீட்டில் அடுக்கி, போர்வையைப் போர்த்தி, கயிற்றால் கட்டினார்.

"நான் வரலையாங்க?"

"உன் தலையில எண்ணெய். பூ வேற உதிரும். கதவையும் டமால்னு சாத்துவ. அரிசி சாத்தாது பாரு."

கோபத்தில் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று சாயங்காலம் வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது. ஷெட்டில் இருந்தது. எடுத்தேன்.

தினமும் எடுத்தேன். சோற்றுக்கு, இட்லிக்கு, முறுக்குக்கு. போதாதென்று இரண்டு நடையாக இருபது கிலோ அக்காவுக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் எடையில் ஒரு பங்கு எனக்கு முன்னால் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தது. இவர் காலையும் மாலையும் மெல்லிய அளவுத் தகடு வைத்துக் கண்ணாடி இடைவெளியை அளந்தார். அரை மில்லி, ஒரு மில்லி என்று நோட்டில் ஏறிக்கொண்டே போனது. போர்வையை மட்டும் ஒரு நாளும் தூக்கிப் பார்க்கவில்லை.

"அரிசி நல்லா இருக்கே. எங்க வாங்கின?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்.

"நீங்க வாங்கினதுதாங்க" என்றேன். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

ஞாயிறு காலையில் ஒன்றரை மில்லிமீட்டர். பதறி அடித்து அன்வருக்குப் போன் போட்டார். அவர் வந்து போல்ட்டைத் தொடவில்லை. நேராகப் போர்வையைத் தூக்கினார்.

"சார், மூட்டை பாதிதாங்க இருக்கு."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பட்டுப் புடவை கட்டி, இரண்டு முழம் மல்லிகை வைத்துத் தயாராக நின்றிருந்தேன்.

"அரிசி எங்க?"

"நீங்க சாப்ட்டீங்க. நான் அதே அறுபத்திரண்டு கிலோதான். சந்தேகமா இருந்தா தராசு கொண்டாங்க."

அன்வர் அவசரமாகக் குனிந்து டயரைப் பார்க்க ஆரம்பித்தார். மணி ஒன்பதரை. மண்ணச்சநல்லூர் போய்வர நேரமில்லை. மூட்டைகள் இறங்கின, நான் ஏறினேன். கதவை டமாலென்று சாத்தினேன். இவர் தகட்டை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. "பாஸ்" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து என்னைப் பார்த்து அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றுதான்.

காவேரிப் பாலத்தில் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை அடிவரை இறக்கிவிட்டேன். "ஏத்து, ஏத்து! செட்டிங் போயிரும்!" என்று கத்தினார். காற்றில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அக்கா கேட்டில்தான் நின்றிருந்தாள். வாய் பிளந்திருந்தது, கேள்வி வரவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை ஒழுங்காக ஏற்றிவிட்டு, இறங்கினேன்.

"இறங்காத ஜோதி! நீ இறங்கினா கேப் விழும். மண்டபத்துல நடுவர்லாம் காத்துட்டு இருக்காங்க!"

கதவை மெதுவாகச் சாத்தினேன். பின் மூலையில் வெளிச்சம் தெரிந்தது.

"அக்கா, நான் குடுத்த அரிசி மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன். "இவருக்கு வேணுமாம்."