தலையிலும் காலிலும்

பதினேழாம் எண் லிஃப்டின் பக்கத்தைக் கணினியில் கடைசிவரை உருட்டிப் பார்த்தாள். அடியில் அந்த வரி இல்லை. மறுபடி மேலே போய், விரலைத் திரையில் வைத்துக்கொண்டே நிதானமாக இறங்கினாள். உச்சியிலும் இல்லை. நடுவில், பதினான்காவது குறிப்பாக, எண்ணெய் போட்ட தேதிக்கும் விளக்கு மாற்றிய தேதிக்கும் இடையில் அது ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. ‘மூன்றாம் மாடிக் கதவு திறந்திருந்தாலும் மூடியதாகக் காட்டும். மெயின் சுவிட்சை அணைக்காமல் கை வைக்கக் கூடாது.’ அவள் எழுதிய வார்த்தைகள்தான். ஆனால் அவள் அதை அங்கே வைக்கவில்லை. பக்கத்தின் தலையில் ஒன்று, காலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வைத்திருந்தாள். மூன்று நாளைக்கு முன்னால் அந்தக் கதவில் சிக்கி, பழுது பார்க்கப் போன அவள் தம்பியின் வலது கையில் இரண்டு விரல் நசுங்கிப் போயிருந்தது.

லிஃப்டுகளைப் பராமரிக்கும் அந்த நிறுவனத்தில் அவளுக்குப் பதினாறு வருடம். பழுது பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்வதை எழுதிவைப்பதும், அடுத்துப் போகிறவர்களின் போனில் அது ஒழுங்காகத் தெரியும்படி பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. எல்லோருக்கும் அவள் குறிப்பறை அக்கா. அறை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பழைய மோட்டார்களை அடுக்கிவைத்திருந்த இடத்தைக் காலி செய்து ஒரு மேசையைப் போட்டிருந்தார்கள். சுவரில் கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை. அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருமுறை எழுதியது தகவல், இரண்டு முறை எழுதியது ஆபத்து. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. ‘எச்சரிக்கை’ என்று சிவப்பில் எழுதினால் எவனும் மதிப்பதில்லை, கண்ட பெட்டியிலும் அந்தச் சிவப்பு ஒட்டியிருக்கிறது. அதே வரி பக்கத்தின் தலையிலும் காலிலும் வந்தால்தான் வேலைக்கு ஓடுகிறவன் ஒரு நிமிடம் நிற்பான். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக்கூட இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு வாரத்தில் தானாகப் பிடிபட்டுவிடும்.

நாலு மாதத்துக்கு முன்னால் கணினியில் ஏஜென்ட் என்ற மென்பொருள் ஒன்று வந்து சேர்ந்தது. குறிப்புகளைத் தேடித் தரும், அடுக்கி வைக்கும், கேட்டால் பதில் சொல்லும். மெக்கானிக்குகள் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார்கள். வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறது, எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பேசவேண்டியிருக்கிறது, எது நடந்தாலும் பொறுப்பு மட்டும் அதற்குக் கிடையாது. அவளுக்கு முதல் நாளிலிருந்தே அதன்மேல் ஒரு கண். திங்கட்கிழமை எழுதியது செவ்வாய்க்கிழமை வேறு இடத்தில் இருக்கும். அவள் மூன்று வரியில் சொன்னதை அது ஒரு வரியில் சொல்லியிருக்கும், அதுவும் அவளைவிட நன்றாக. அந்த ‘நன்றாக’தான் அவளை உறுத்தியது. தன்னை வீட்டுக்கு அனுப்பத்தான் மேலாளர் இதைக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தாள். அவர் காலையில் சிரித்து வணக்கம் சொன்னால், இன்றைக்கு என்ன வினையோ என்று மதியம்வரை யோசித்தாள்.

அந்த மேலாளர்தான் காலையில் அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருந்தார். “உங்க தம்பிங்கறதால முன்னாடியே சொல்றேன். குறிப்பு இருந்திருக்கு. அவர் போன்ல திறந்து, ‘படித்தேன்’னு தொட்டும் இருக்காரு. அப்புறமும் சுவிட்ச அணைக்காம கைய விட்டா நாங்க என்ன பண்றது? மூணு மணிக்கு வந்து கடிதத்துல கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கேன். இனிமே அவருக்கு லிஃப்ட் வேலை கிடையாது, ஸ்டோர்ல இருக்கட்டும்.”

அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. காரணம், மேலாளர் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று அவளுக்கே ஒரு எண்ணம். தம்பி சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஆற அமர எதையும் செய்யத் தெரியாது. விபத்து நடந்த அன்றே கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தவனைக் கேட்டாள்.

“படிச்சியாடா?”

“படிச்சேங்க்கா. ஒரு தடவதான் இருந்துச்சு. அப்ப சரி பண்ணிட்டாங்க போலன்னு நெனச்சேன்.”

பொய் சொல்கிறான் என்றுதான் அப்போது நினைத்தாள். தன் கையால் இரண்டு இடத்தில் எழுதியது எங்கே போகும்? கட்டிலருகே நின்ற அவன் மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டாள். இப்போது திரையைப் பார்க்கையில்தான் புரிந்தது. அவன் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான். அக்காவே நம்பவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அழித்தது யார்? ஏஜென்டைக் கவனித்துக்கொள்ள வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர் ஒருவர் மாடியில் இருந்தார். நாள் முழுக்கக் கணினியில் வேலை செய்கிற மனுஷர் காதில் எதற்கோ பென்சில் சொருகியிருப்பார். அதனால் அவர் பேரே பென்சில். அவள் வயதுதான் இருக்கும். நேரே போய் அவர் மேசை முன்னால் நின்றாள். மணி இரண்டரை.

“பதினேழாம் நம்பர் பக்கத்துல யார் கை வெச்சது?”

அவள் எதைத் தேடுகிறாள் என்று அவர் கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கேள்வி வரும் என்று காத்திருந்தவரைப் போல நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“மேடம், அத இப்ப பாக்க வேணாம். நாளைக்குப் பொறுமையா உக்காந்து பேசலாமே.”

மடியில் கனம் இல்லாவிட்டால் எதற்கு நாளைக்கு? “மூணு மணிக்கு என் தம்பி கையெழுத்துப் போடப்போறான். இப்பவே காட்டுங்க.”

அவர் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் எந்த நாளில், என்ன மாறியது, எதன்படி மாறியது என்று பதிவாகியிருந்தது. இருபத்தெட்டு நாளைக்கு முன் அந்த வரியின் இரண்டு பிரதிகளும் ஒன்றாக்கப்பட்டிருந்தன. செய்தது ஏஜென்ட். காரணம் என்ற இடத்தில் ‘ஸ்கில்: குறிப்புத் துப்புரவு, வரி 3’ என்றிருந்தது.

“ஸ்கில்னா?”

“மாப்பிள்ளை தானா எதையும் பண்ணாது மேடம். இந்த வேலைய இப்படிச் செய்யணும்னு படிப்படியா எழுதின ஒரு தாள் மாதிரி. அந்த வேலை வரும்போது அதப் படிச்சிட்டு, அதுல உள்ளபடி செய்யும். ஒரு தடவ எழுதிட்டா போதும், எந்த ஏஜென்டுக்கும் குடுக்கலாம்.”

“அப்ப அந்தத் தாளத் திறங்க. எந்தப் புண்ணியவான் எழுதினான்னு பாக்கலாம்.”

பென்சில் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு திறந்தார். ஒன்பது வரிகள். முதல் வரியே அவளுக்கு எங்கோ படித்த மாதிரி இருந்தது. ‘தேதி இல்லாத குறிப்பைத் தனியே எடுத்து வைக்கவும்.’ இரண்டாவது வரி, ‘மற்றதைத் தேதிப்படி அடுக்கவும்.’ மூன்றாவது வரி, ‘ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை நீக்கவும்.’ மேலே, எழுதியவர் என்ற இடத்தில், குறிப்பறை.

இரண்டு மாதத்துக்கு முன் மேலாளர் கேட்டது நினைவுக்கு வந்தது. நீங்கள் குறிப்புகளை எப்படி ஒழுங்கு செய்கிறீர்களோ அதை அப்படியே எழுதிக் கொடுங்கள், அவசரமில்லை என்றார். என் குழியை நானே வெட்டவேண்டும் என்கிறான் என்று அன்றைக்கு அவள் பல்லைக் கடித்தாள். பதினாறு வருடத்து வேலையை ஒன்பது வரியில் மொட்டையாக எழுதி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டாள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு என்னை யார் தேடுவார்கள்? அந்த நினைப்பு அப்போது இருந்தது. நன்றாகவே இருந்தது. அதற்கப்புறம் அந்தத் தாள் என்ன ஆயிற்று என்று அவர்களும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இரண்டு முறை எழுதியதை மட்டும் தொடாதே என்று ஒரு வரி. அதை எழுதாமல் விட்டது, அது ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதாலா? இல்லை, தெரிந்தேதான் கையை மூடிக்கொண்டாளா? எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. மேலாளரைச் சந்தேகப்பட்டாள், இந்த மனுஷரைச் சந்தேகப்பட்டாள், கூடப்பிறந்தவனையே சந்தேகப்பட்டாள். இப்போது தன்னையே பிடித்து உலுக்கிக் கேட்கிறாள். அழுகைகூட வரவில்லை, அவமானமாக இருந்தது.

“இதுக்குத்தான் வேணாம்னேன்,” என்றார் பென்சில், குரலைத் தாழ்த்தி. “ஒண்ணு பண்ணலாம். மூணாவது வரிய நம்ம கிளைல இப்பவே மாத்திடறேன். எழுதினவர் பேரையும் எடுத்துடலாம். நான் எழுதினேன், நீங்க எழுதினீங்கன்னு பேச்சே வராது.”

இவ்வளவு இரக்கம் எங்கிருந்து வருகிறது? எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று பார்க்கிற பழக்கம் அவளை விட்டுப் போகுமா? “நம்ம கிளைலன்னா? வேற எங்க இருக்கு இது?”

அவர் கழுத்தைச் சொறிந்தார். “நல்லா வேலை செஞ்சுதேன்னு… போன மாசம் மத்த பதினொரு கிளைக்கும் குடுத்துட்டேன். மேலாளர் கேட்டாரு. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.”

பதினொரு கிளை. அங்கெல்லாம் குறிப்பு எழுதுகிறவர்கள் இங்கே வேலை பழகிவிட்டுப் போனவர்கள், அவர்களும் தலையிலும் காலிலுமாக எழுதுகிறவர்கள்தான். அங்கெல்லாம் இப்போது, இந்த நிமிடம், மாப்பிள்ளை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து சுத்தம் செய்துகொண்டிருக்கிறது.

“நிறுத்துங்க.”

“எனக்கு அந்த அதிகாரம் இல்ல மேடம். மேலாளர் சொல்லணும். அவர் ஏன்னு கேப்பாரு.”

ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்லவேண்டும். சொன்னால் தம்பி தப்பிப்பான், அவள் மாட்டுவாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தால், ஸ்டோரில் உட்கார்ந்து அவன் போல்ட் எண்ணுவான். அவனுக்கு எட்டு விரல் போதும் என்று இவர்கள் சொல்வார்கள். பென்சிலின் மடிக்கணினியை மூடாமல் அப்படியே தூக்கிக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு சார்ஜர் கம்பியைத் தானே பிடுங்கி அவள் கையில் கொடுத்தார்.

கீழே கூட்ட அறையில் தம்பி உட்கார்ந்திருந்தான். வலது கை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. முகச்சவரம் செய்யாமல் மூன்று நாளில் பத்து வயது கூடியவன் போலிருந்தான். அவளைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். மேலாளர் கடிதத்தை அவன் பக்கம் திருப்பிவைத்து, இடது கையில் பேனாவைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ‘குறிப்பைப் படித்திருந்தும் அலட்சியமாக’ என்று அதில் ஒரு வரி ஓடியது.

“கையெழுத்துப் போடாத,” என்றாள்.

கணினியை மேசைமேல் வைத்து, மேலாளரின் பக்கம் திருப்பினாள். மூன்றாவது வரியை உரக்கப் படித்தாள். அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. “இத நான்தான் எழுதிக் குடுத்தேன். ரெண்டு தடவ எழுதின குறிப்ப இது ஒண்ணாக்கிடுச்சு. ரெண்டு தடவ இருந்திருந்தா இவன் கைய விட்டிருக்க மாட்டான். யாரும் விட்டிருக்க மாட்டாங்க.”

மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் படித்தார். படித்து முடித்து நிமிர்ந்தார்.

“ரெண்டு தடவ எழுதினா ஆபத்துன்னு இதுல எழுதலையே. ஏன்? மறந்துட்டீங்களா?”

தம்பி இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவனுக்கும் அதே கேள்விதான். இடது கையில் பேனா கோணலாக நின்றது.

திரையின் அடியில் பதினொரு கிளைகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, இன்றைக்கு நீக்கிய வரிகளின் எண்ணிக்கை. கடைசிக் கிளைக்கு 212 என்று காட்டியது. அவள் வாயைத் திறப்பதற்குள் அது 213 ஆயிற்று.