வாசல் வைத்த வட்டம்

விருந்தினருக்கென்று ஜீப்பில் ஆறு இருக்கைகள். அன்று காலை அதில் இரண்டுக்குத்தான் ஆள் இருந்தது. காலி இருக்கை இருந்தால் விடுதியில் வேலை செய்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை அதில் உட்கார்ந்து காட்டைச் சுற்றிப் பார்த்து வரலாம் என்று முதலாளி ஒரு சலுகை வைத்திருந்தார். செலவில்லாத தர்மம் என்றால் முதலாளிகளுக்குக் கை தாராளம். சமையல்காரர் வருவார், தோட்டக்காரர் தன் மாமியாரைக்கூடக் கூட்டி வந்திருக்கிறார். சலவை அறையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கும், புழுதியின் தம்பி மனைவி மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. அவள் இன்று, புடவைக்கு மேல் ஒரு பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, விடிவதற்கு முன்பே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பார்த்ததும் புழுதி முன்னால் ஏறாமல் வண்டியின் பின்பக்கம் போனார். புழுதி என்பது ஊர் வைத்த பெயர். இருபத்தைந்து வருஷமாக மண்ணில் முகத்தை வைத்துத் தடம் பார்க்கிறவரை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? இந்த மண்ணில் யார் போனார்கள், எப்போது போனார்கள், பசியோடு போனார்களா என்பதெல்லாம் அவருக்கு ரேகை பார்ப்பது போல. ஜோசியக்காரன் சொன்னது பலிக்காவிட்டால் கிரகத்தின் மேல் பழியைப் போடலாம். புழுதி சொன்னது பலிக்காவிட்டால் விருந்தினர் நேராக முதலாளியிடம் போவார்கள்.

“என்னம்மா, திடீர்னு?” என்றார்.

“சும்மாதான் அத்தான். எல்லாரும் பாத்தாச்சு. நானும் ஒரு தடவ பாக்கணும்ல.”

அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. ஜீப்பின் மூக்கில் பற்றவைத்திருந்த இரும்பு இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். தடம் பார்க்கிறவருக்கு அதுதான் இடம். முன்னால் மண், பின்னால் எல்லோருடைய கண்ணும். இன்று அவர் பிடரியில் ஒரே ஒரு ஜோடிக் கண்ணின் கனம் இருந்தது.

ஓட்டுகிறவனுக்குப் பிரேக்கு என்று பெயர். அதை அவன் லேசில் தொடுவதில்லை என்பதால் வந்த பெயர். விருந்தினர் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். டாக்டர் மடியில் பச்சைக் குழந்தை அளவுக்கு ஒரு லென்ஸ்.

“எனக்குப் பல்லு தெரிஞ்சா போதும்” என்றார் டாக்டர். “முப்பது வருஷமா வாயத் திறங்க, வாயத் திறங்கன்னு கெஞ்சியே பொழப்ப ஓட்டிட்டேன். உங்க சிறுத்தை கேக்காமலே திறக்கும்னு சொன்னாங்க.”

“திறக்கும் சார். மூட வைக்கிறதுதான் நம்ம கையில இல்ல” என்றார் புழுதி.

“முதல்ல உங்க வாய மூடுங்க. காடே பயந்து ஓடிரும்” என்றாள் டாக்டரின் மனைவி. பிரேக்கு சிரித்தான்.

முதல் ஒரு மணி நேரம் காடு கடையைத் திறக்கவே இல்லை. மயில்கூடத் தென்படவில்லை. இப்படிப்பட்ட நாட்களுக்கென்று புழுதியிடம் ஒரு வித்தை உண்டு. கேட்ட சரக்கு வரும்வரை கைக்கு வந்த பொம்மையைக் காட்டி ஆளை உட்கார வைக்கும் கடைக்காரனின் வித்தை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பாதையோரத்து மெல்லிய மண்ணில் உள்ளங்கையின் அடிமேட்டை அழுத்தினார். பிறகு விரல்களைக் குவித்து, நுனிகளால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வைத்தார். அசல் சிறுத்தைத் தடம் போலவே இருந்தது. ஒரு குச்சியை எடுத்து அதைச் சுற்றி வட்டமும் போட்டார். நல்ல தடம் கிடைத்தால் பின்னால் வருகிற வண்டி அதன் மேல் ஏறிவிடாமல் இருக்க இப்படி வட்டம் போடுவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். டாக்டரின் மனைவி கைதட்டிப் படம் எடுத்தாள்.

“அத்தானுக்குக் கை சுத்தம்” என்றாள் தம்பி மனைவி. அன்று அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். “நாலு விரலும் சரியா விழுந்திருக்கு.”

அவள் முகத்தைப் பார்க்காமலே புழுதி தன் இருக்கையில் ஏறிக்கொண்டார். கையில் ஒட்டிய மண்ணைக் கால்சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இந்தக் காட்டின் முதலாளி யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். உண்மையில் அத்தனை பேருக்கும் படியளந்தது மூணுவிரல் என்கிற பெண் சிறுத்தைதான். சின்ன வயதில் எவனோ வைத்த கண்ணியில் சிக்கி, முன் இடதுகாலில் ஒரு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவள். மனித வாடைக்கு ஒதுங்காதவள். பட்டப்பகலில் பாறை மேல் வந்து படுத்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி படத்துக்கு முகம் காட்டுவாள். அவளுக்காகத்தான் கடல் தாண்டியும் ஆள் வந்தது. பன்னிரண்டு அறை, ஐந்து ஜீப், அதை நம்பி நாற்பது வீட்டு அடுப்பு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் குட்டி போட்டிருந்தாள். விருந்தினர் குட்டியைக் கேட்டார்கள். அப்போது தம்பியும் தடம் பார்க்கிற வேலையில்தான் இருந்தான். “முன்னால போயி எங்க வெச்சிருக்கான்னு பாத்துட்டு வா, கிட்ட போகாத” என்று காலையில் அவனை நடந்து போகச் சொன்னது புழுதிதான். அவன் கிட்ட போய்விட்டான். தேடிப் போனபோது பாறைக்குக் கீழே கிடந்தான். மண் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. பாறையிலிருந்து அவள் பாய்ந்த இடம், ஊன்றிய வேகத்தில் ஆழமாக இறங்கிய முன்கால், மூன்றே விரல்.

புழுதி அழவில்லை. அழுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டார். ஆளைக் கொன்ற விலங்கு என்று எழுதினால் கூண்டு, இல்லை துப்பாக்கி. அதோடு போகும் விடுதி, ஜீப், நாற்பது அடுப்பு. போன உயிர் திரும்பாது என்று அந்தக் கணக்கு சொன்னது. செருப்புக் காலால் ஒவ்வொரு தடமாகத் தேய்த்துக்கொண்டு வந்தார். வனத்துறை ரேஞ்சர் வந்ததும் ஓடைக்கரையில் கிடந்த ஒரு பெரிய ஆண் சிறுத்தையின் பழைய தடத்தைக் காட்டினார். இவர் சொன்னால் மறுபேச்சு ஏது? ‘அடையாளம் தெரியாத ஆண் சிறுத்தை’ என்று ரேஞ்சர் எழுதிக்கொண்டார். நேற்று அதே ரேஞ்சர் சலவை அறை வாசலுக்கே வந்து, மூன்று வருஷமாகிவிட்டது, ஃபைலை மூட வேண்டும், நாளை மறுநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போம்மா என்று தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனதைப் புழுதி தூரத்திலிருந்து பார்த்தார்.

புதருக்குள்ளிருந்து ஒரு மான் எச்சரிக்கையாகக் குரைத்தது. ஒருமுறை, மறுபடி ஒருமுறை. புழுதி கையை உயர்த்தினார். பிரேக்கு அதிசயமாகப் பிரேக்கைத் தொட்டான்.

சாய்ந்த மரத்தின் மேல் மூணுவிரல் படுத்திருந்தாள். வால் மட்டும் கீழே தொங்கியது. மரத்தடியில் இந்த வருஷத்துக் குட்டி ஒன்று அந்த வாலை எட்டி எட்டிப் பிடித்தது. கேமரா படபடவென்று அடித்துக்கொண்டது. ஒருகட்டத்தில் அவள் அலுப்போடு, அடிநாக்கு தெரியக் கொட்டாவி விட்டாள்.

“கிடைச்சிருச்சு” என்று டாக்டர் மூச்சை விட்டார். கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், தொழில் முகத்துக்கு மாறினார். “அடடா. மேல் கோரைப்பல்லு முனை உடைஞ்சிருக்கு. பழைய உடைப்பு. பாவம், ரொம்ப நாள் வலிச்சிருக்கும்.”

“எதக் கடிச்சு உடைஞ்சிருக்கும்?” என்றாள் மனைவி.

“கல்லா இருக்கலாம். எலும்பா இருக்கலாம்.”

புழுதி திரும்பவில்லை. ஜீப்பின் பக்கவாட்டுக் கண்ணாடியில் தம்பி மனைவி தெரிந்தாள். எல்லோரும் சிறுத்தையின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் பார்த்தது மரக்கிளையில் மடித்து வைத்திருந்த முன்காலை. ஈரத்துணியைப் பிழிவதற்கு முன் கறை போய்விட்டதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

சிறுத்தை இறங்கியது. குட்டி பின்னால் ஓட, ஜீப்புக்கு முன்னால் பாதையைக் குறுக்கே கடந்து, புல்லுக்குள் கரைந்து போனது. எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கப் புழுதி இறங்கினார். பின்னால் இன்னொரு காலடி கேட்டது.

“அக்கா, இறங்கக் கூடாது. வண்டில ஏறுங்க” என்றான் பிரேக்கு.

“குட்டியக் கூட்டிட்டுப் போறவ திரும்பி வரமாட்டா. நீ சும்மா இரு” என்றாள் அவள். அது சரிதான் என்று பிரேக்குக்கும் தெரியும். டாக்டரும் மனைவியும் கேமராவில் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மண்ணில் தடம் புதுசாக, ஓரம் உதிராமல் கிடந்தது. உள்ளங்கால், அதற்கு முன்னால் மூன்று விரல். இருவரும் அதன் பக்கத்தில் குந்தினார்கள்.

“மூணு வருஷமா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் அத்தான்” என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. “உங்க தம்பி வட்டம் போட்டா எப்படிப் போடுவாரு, ஞாபகம் இருக்கா?”

புழுதி தடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “வாசல் வைப்பான்.”

எல்லோரும் முழு வட்டம் போடுவார்கள். தம்பி மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் இடம் விடுவான், விலங்கு போன திசை தெரிய வேண்டும் என்று. வீட்டுக்கு வாசல் வேண்டாமா என்று கேலியாகச் சொல்வான்.

“அன்னிக்கு அவரப் பாக்க ஓடி வந்தேன்ல, பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு வட்டம் கெடந்துச்சு. வாசல் வெச்ச வட்டம். உள்ள ஒண்ணுமே இல்ல. செருப்பு தேச்ச கோடுதான் இருந்துச்சு.” அவள் ஒரு குச்சியை எடுத்தாள். “ஒண்ணுமில்லாத மண்ணுக்கு எந்தக் கிறுக்கன் வட்டம் போடுவான்?”

புழுதி கண்ணை மூடினார். இருபத்தைந்து வருஷத்துக் கண், ஊர் மெச்சிய கண். அந்த வட்டத்தை அது பார்த்துத்தான் இருக்க வேண்டும். நாள் முழுக்கப் பார்க்கிற பொருள் கண்ணில் படாது. தடத்தைத் தேய்த்தவர், தடத்துக்குத் தம்பி கட்டிய வேலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

“அப்பவே ஏன் சொல்லல?” என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது.

“சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்கு மட்டுமா கணக்கு வரும்? நானும் அந்த விடுதித் துணியத்தான தொவைக்கிறேன்? இது இல்லன்னா துணி ஏது?” புல் அசைந்த பக்கம் பார்த்தாள். “அது மேல எனக்குக் கோவம் இல்ல. குட்டிக்காரி, வேற என்ன செய்வா? நீங்க செஞ்சதையும் ஒரு மாதிரி முழுங்கிட்டேன். ஆனா மூணு வருஷம் அத்தான். தினம் சலவை ரூமத் தாண்டித்தான் போறீங்க. ‘தண்ணி வருதாம்மா’ன்னு கேப்பீங்க. இன்னிக்குச் சொல்லிருவாரு, நாளைக்குச் சொல்லிருவாருன்னு… நாளைக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க. தெரியாத ஒண்ணு அடிச்சிருச்சுன்னு நான் எழுதிக் குடுக்கணும். நம்மள்ல ஒருத்தருக்குமா தெரியாது?”

அவர் வாயைத் திறந்தார். கணக்கு வந்தது, நாற்பது அடுப்பு வந்தது. அவை வந்த வழியே திரும்பின. “நாந்தாம்மா” என்றார். “அவன அனுப்பினதும் நாந்தான்.”

“அது தெரியும்” என்றாள் அவள். “கெளம்பறப்ப சொல்லிட்டுத்தான் போனாரு. அண்ணன் அனுப்புதுன்னு. பெருமையா.”

பிறகு குச்சியால் மூணுவிரலின் தடத்தைச் சுற்றி நிதானமாக வட்டம் போட்டாள். புல் பக்கமாக வாசல் விட்டாள். அதே அளவில், அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வட்டம். அதற்கும் வாசல். உள்ளே ஒன்றும் இல்லை. குச்சியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். டாக்டரின் மனைவி அவளிடம் கேமராவை நீட்டிக் குட்டியின் படத்தைக் காட்டினாள். அவள் குனிந்து பார்த்து, “அழகா இருக்குங்க” என்றாள். உண்மையாகவே சொன்னாள்.

பாதையின் எதிர்க்கோடியில் வளைவுக்கு அப்பால் தூசி எழும்பியது. எட்டு மணிக்கு ரேஞ்சரின் வண்டி அந்தப் பக்கமிருந்துதான் தினமும் வரும். வட்டம் கண்ணில் பட்டால் நிறுத்தாமல் போகமாட்டார். “யாரு, நம்ம ஆளா?” என்று தடத்தைக் காட்டிப் புழுதியைக் கேட்பார். அதுவும் தினப்படி வழக்கம்.

“அண்ணே, கெளம்பலாமா?” என்றான் பிரேக்கு.

புழுதி செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தார். காலி வட்டத்தின் முன்னால் முழங்காலிட்டார். உள்ளங்கையின் அடிமேட்டை மண்ணில் வைத்து, உடம்பின் பாரமெல்லாம் இறங்குகிற மாதிரி அழுத்தினார், அன்று பாய்ந்து ஊன்றிய கால் அழுத்தியதே, அந்த ஆழத்துக்கு. விரல்களைக் குவித்து ஒன்று வைத்தார். இரண்டு. மூன்று. தூசி வளைவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. நான்காவது விரல் மண்ணைத் தொடாமல், உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது.