அகல டயர்

கீதாவின் வண்டி வாசலை விட்டு இறங்கும்போதெல்லாம் தமிழ்ச்செல்வியின் கண் போய் நிற்பது அதன் பின் டயரில்தான். காலை எட்டேகாலுக்கு தாரணி பையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து, சித்தியின் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, உட்கார்ந்த மாத்திரத்தில் சித்தியின் காதருகே எதையோ சொல்ல ஆரம்பித்துவிடுவாள். “வரேம்மா” என்று ஒரு வார்த்தை அம்மாவுக்கும் உண்டு. ஆனால் அந்த வார்த்தை முடியும் முன்பே முகம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். சாப்பாட்டுப் பையைக் கொடுத்த கை நீட்டியபடியே நிற்க, வண்டி புளியமரத்தைத் தாண்டிப் போகும். ஈர மண்ணில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு தடம் விழுந்திருக்கும். அந்தத் தடத்தைப் பார்த்தால் தமிழ்ச்செல்விக்கு வயிறு எரியும். பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப அவளுக்குத் தெரியாது.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே வாசல். அண்ணன் ஏகாம்பரம் தமிழ்ச்செல்வியின் வீட்டுக்காரன், நிலமும் நெல் அறுக்கும் மிஷினுமாக அலைகிறவன். தம்பி தினேஷ்குமாருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. தம்பி பெண்டாட்டி கீதா வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. உத்திரமேரூரில் தாரணியின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். தமிழ்ச்செல்வியும் அதே ஊரில் ரவிக்கை தைக்கும் கடைக்குப் போகிறவள்தான், ஒன்பதரைக்கு. தாரணியை ஆறாவதிலிருந்து அவள்தான் தன் சின்ன வண்டியில் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். திருப்புலிவனம் ரோட்டைப் பிடிப்பதற்கு முன்னால் ஏரிக்கரை மேல் இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் மகள் வாயைத் திறப்பாள். கணக்கு டீச்சர் புதுசாகத் தோடு போட்டுவந்தது, எவளோ எவளிடமோ பேசாமல் போனது, மத்தியான சாப்பாட்டை யார் பிடுங்கித் தின்றார்கள் என்பது, எல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

ஐப்பசி மழையில் அதெல்லாம் போயிற்று. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீரை வெளியே விடும் கலங்கல் மேல் வெள்ளம் வழிந்து, பாதையைக் குறுக்காக நனைத்துக்கொண்டிருந்தது. கலங்கலைத் தாண்டும்போது பாசியில் வண்டி சறுக்கி, அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் விழுந்தார்கள். தாரணியின் முழங்கையில் மூன்று தையல். அவள் அழவில்லை, தமிழ்ச்செல்விதான் ஆஸ்பத்திரி வரைக்கும் அழுதாள். தினேஷ்குமார் அந்த வாரமே கீதாவின் வண்டிக்கு அகல டயர் வாங்கிப் போட்டுவிட்டான், வால்வுக்கு நீலத்தில் பளபளக்கும் மூடி வேறு. தையல் பிரித்த மறுநாள் தாரணி சொன்னாள், “சித்தி வண்டி சறுக்காதும்மா. நான் சித்தி கூடவே போறேன்.”

தமிழ்ச்செல்வி அன்று தலையாட்டியதுதான். அப்புறம் மழை நின்று, பாதை காய்ந்து, மறுபடி மழை வந்தும் தாரணி அம்மாவின் வண்டிக்குத் திரும்பவில்லை. தோடு கதையெல்லாம் இப்போது கீதாவின் காதுக்குப் போகிறது. சாயங்காலம் வீட்டில் என்ன கேட்டாலும் “ஒண்ணுமில்லம்மா” என்கிறாள். தமிழ்ச்செல்வி இதற்கெல்லாம் காரணம் டயர்தான் என்று உறுதியாக நம்பினாள். நம்பித்தான் ஆகவேண்டும். டயர் என்றால் மாற்றிவிடலாம். வேறு எதுவாவது என்றால் எதைப் போய் மாற்றுவது?

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அவள் ஒரு காரியம் செய்தாள். உள்ளே கீதா தாரணிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். தன் கைக்குப் படியாத முடி, தான் சீப்பை எடுத்தாலே “வலிக்குதும்மா” என்று சிணுங்குகிற பிள்ளை, அங்கே சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாள். தமிழ்ச்செல்வி வாசலில் கீதாவின் வண்டிக்குப் பக்கத்தில் குந்தினாள். பின் சக்கரத்து நீல மூடியைத் திருகி எடுத்தாள். கொண்டையிலிருந்த ஊசியை வால்வுக்குள் வைத்து அழுத்தினாள். புஸ்ஸென்று கொஞ்சம் காற்று வந்தது. அதே நேரத்தில் உள்ளே இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து வந்துவிட்டாள். அடுப்படிக்கு வந்த பிறகுதான் மூடி கையிலேயே இருப்பது தெரிந்தது. கொண்டுபோய் மாட்டக் கால் வரவில்லை. பர்ஸில் போட்டு மூடினாள்.

காலையில் கீதா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “கலர் மூடி ஒண்ணு காணமே. எங்க வுயிந்துதோ.” தாரணி உடனே யூனிஃபார்மோடு மண்ணில் முட்டி போட்டுத் தேட ஆரம்பித்துவிட்டாள். தொட்டிக்கு அடியில், மாட்டுக் கொட்டகை ஓரத்தில், ஒரு குச்சியை வைத்துக்கொண்டு கிளறிக் கிளறிப் பார்த்தாள். தமிழ்ச்செல்வி அடுப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தச் சுண்டைக்காய் மூடிக்கு என் பிள்ளை முட்டி தேய வேண்டுமா என்று கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் விளங்கவில்லை.

அன்றைக்குத் தையல் கடையில் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி, கிதர் முகம்மதுவின் டயர் கடைக்குப் போனாள். கீதாவின் வண்டிக்கும் அவர்தான் போட்டது. வெள்ளைத் தாடியில் கிரீஸ் படாமல் வேலை செய்கிற மனிதர். வண்டியை ஸ்டாண்டு போட்டு, பின் டயரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“மொட்டை ஆயிக்கீது பாரும்மா. தரைய புடிக்கிற பட்டனே இல்ல. அதான் வழுக்கி வுட்டுக்கீது. இதே சைஸ்ல புதுசு ஒண்ணு போட்டுக்கோ, மழையில கூட அசையாது.”

“அகலம் போடுங்க பாய். எங்க கீதா வண்டிக்கிப் போட்டீங்களே, அதே மாரி.”

“அது பெரிய வண்டி. உள்ள எடம் கீது. இது பொடி வண்டி. நீ ஒத்தையா போனா ஒண்ணும் தெரியாது. பின்னால ஒரு ஆளு குந்துச்சின்னா வண்டி எறங்கும். மேல மட்கார்டுல டயரு ஒரசும். இஞ்சினும் இய்க்காது.”

“எம்பொண்ணு ஒண்ணும் பெரிய ஆளு இல்ல பாய். பூ மாரி இருப்பா.”

“நான் சொல்றத சொல்லிட்டேன். அப்பறம் வந்து பேஜார் பண்ணக் கூடாது.”

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே அளவில் புது டயரைப் போட்டுக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினால் அது யார் கண்ணில் படும்? கீதாவின் வண்டிக்குப் பக்கத்தில் அது பழையபடி நோஞ்சானாகத்தானே நிற்கும்? கிதர் முகம்மது தலையை ஆட்டிக்கொண்டே அகல டயரை எடுத்துவந்தார். அதைச் சக்கரத்தில் ஏற்றிப் பூட்டியபோது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டு விரலை விட்டுக் காட்டினார். விரல் பாதிக்கு மேல் போகவில்லை. தமிழ்ச்செல்வி வேறு பக்கம் பார்த்தாள்.

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் வண்டி கெட்டியாகத் தரையைப் பிடித்துக்கொண்டு போனது. கிளம்பும்போது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். கலங்கலில் வேண்டுமென்றே தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாள். அசையவில்லை. யாருமில்லாத கரையில் அவள் தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். ஊர் முனைப் பிள்ளையார் முன்னால் நிறுத்தி, புது வண்டிக்குச் செய்வது போலக் கற்பூரம் கொளுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினாள். வீட்டில் ஏகாம்பரம் வண்டியைப் பார்த்துவிட்டு, “இன்னா இது, ஆட்டுக்குட்டிக்கு யானை காலு வெச்ச மாரி கீது” என்றான். அவனுக்கு என்ன தெரியும். தாரணி வெளியே வந்து டயரைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“நாளைக்கு நம்ம வண்டியில போலாம். பரீச்சைக்கி நானே கொண்டாந்து வுடறேன்” என்றாள் தமிழ்ச்செல்வி.

தாரணி தலையாட்டினாள். “சரிம்மா.”

கீதா கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏங்க்கா, நான்தான் அந்தப் பக்கமே போறேனே.”

“நீயும் எத்தினி நாளைக்கி செமப்பே.”

“அவ இன்னாக்கா, எனக்கு பாரமா?” என்றாள் கீதா. மனதில் ஒன்றுமில்லாமல் சொன்னதுதான். அதுவும் தமிழ்ச்செல்விக்குச் சுட்டது.

மறுநாள் அரையாண்டுப் பரீட்சை, கணக்கு. இரவெல்லாம் தூறி, காலையில் விட்டிருந்தது. எட்டு மணிக்கே தாரணி அம்மாவுக்குப் பின்னால் ஏறினாள். அவள் ஏறியதும் வண்டி அழுந்தியதை தமிழ்ச்செல்வி உணர்ந்தாள். இரண்டு மாதத்தில் பிள்ளை கனம் ஏறியிருந்தாள். உயரமும்தான், தாடை இப்போது அம்மாவின் தோளுக்கு மேல் வந்தது. எப்போது வளர்ந்தாள்? தினமும் கண்ணெதிரே இருந்தும் இது தெரியாமல் போனது அவளுக்கு உறைத்தது. கீதாவுக்குத் தெரிந்திருக்கும்.

புளியமரம் வரை ஒன்றுமில்லை. “அப்பறம் கணக்கு டீச்சர் இன்னா தோடு போட்டுக்கினு வராங்க இப்பலாம்?” என்று கேட்டாள் தமிழ்ச்செல்வி, கண்ணாடியில் மகளைப் பார்த்தபடி.

“அவங்க மாத்தலாயி போயிட்டாங்கம்மா. தீவாளிக்கே.”

தமிழ்ச்செல்வி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தாள். கரை மேல் ஏறியதும் பின்னாலிருந்து சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. பள்ளத்தில் இறங்கினால் சத்தம், ஏறினால் இல்லை.

“இன்னாம்மா சத்தம்?”

“புது டயரு. பயகணும்.”

சத்தம் வளர்ந்தது. ரப்பர் தீய்கிற வாடை வந்தது. தாரணி கால் வைக்கும் கம்பியில் இரண்டு காலையும் ஊன்றி, சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பி, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எழும்பியதால் கனம் குறைந்துவிடாது என்று தெரியாத பிள்ளை இல்லை, கணக்கில் நல்ல மார்க் வாங்குகிறவள். இருந்தாலும் அப்படியே வந்தாள். கலங்கல் மேட்டுக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் வண்டி இறங்கியபோது, டயர் மட்கார்டில் ஒரேயடியாகக் கவ்விக்கொண்டு, இஞ்சின் இரண்டு முறை முனகி நின்றது.

இருவரும் இறங்கினார்கள். தமிழ்ச்செல்வி மண்டி போட்டு, சேறும் ரப்பர் துகளும் அடைத்துக்கொண்டிருந்த இடுக்கை ஒரு குச்சியால் நோண்டினாள். கையெல்லாம் கருப்பாயிற்று. எட்டரை ஆகிவிட்டது. கரையின் அந்தக் கோடியில் கீதாவின் வண்டிச் சத்தம் கேட்டது.

“அம்மா, இன்னொரு பேனா வாங்கணும்” என்றாள் தாரணி மெதுவாக.

“பர்ஸ்ல கீது பாரு. எடுத்துக்கோ. எங்கையில சேறு.”

தாரணி சீட்டுப் பெட்டியைத் திறந்து பர்ஸை எடுத்து ஜிப்பை இழுத்தாள். சொல்லி முடித்த பிறகுதான் தமிழ்ச்செல்விக்கு ஞாபகம் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மகளின் விரல்கள் பர்ஸுக்குள் அப்படியே நின்றிருந்தன. தாரணி அம்மாவைப் பார்க்கவில்லை. பத்து ரூபாய்த் தாளை எடுத்தாள், கையை மூடிக்கொண்டாள், ஜிப்பை இழுத்துப் பர்ஸைப் பெட்டிக்குள் வைத்தாள்.

கீதா வந்து நிறுத்தினாள். “இன்னாச்சிக்கா?”

தமிழ்ச்செல்வி எழுந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுதான் இருந்தது, அதை அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. “நேரமாவுது. சித்தி வண்டியில ஏறிக்கோ.”

தாரணி பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். ஏறுவதற்கு முன்னால் கீதாவின் பின் சக்கரத்துப் பக்கம் குனிந்தாள். மூடிய கையைத் திறந்து, நீல மூடியை வால்வில் வைத்து, நிதானமாகத் திருகினாள்.

“ஏய், எங்க கெடச்சிது அது?” என்றாள் கீதா.

“இங்கதான் சித்தி. வழில கெடந்துது.”

அவள் ஏறி உட்கார்ந்தாள். இன்று சித்தியின் காதில் எதையும் சொல்லவில்லை. வண்டி கலங்கல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஏறி அந்தப் பக்கம் போனதும், ஒரே ஒரு முறை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தத் தூரத்தில் அவள் முகத்தில் என்ன இருந்தது என்று தமிழ்ச்செல்வியால் சொல்ல முடியவில்லை.

கையைக் கலங்கலில் கழுவிக்கொண்டு அவள் வண்டியைக் கிளப்பினாள். பின்னால் கனம் இல்லை. வண்டி தண்ணீரில் இறங்கி, பாசியில் ஏறி, ஒரு துளி சறுக்காமல் அக்கரை சேர்ந்தது. உரசல் இல்லை, சர்ரென்ற அந்தச் சத்தமும் இல்லை. கிதர் முகம்மது சொன்னபடியேதான். எதிரே ஈர மண்ணில் கீதாவின் டயர் தடம் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச தூரம் போய் கண்ணாடியில் பார்த்தபோது, பின்னால் கரை நெடுக ஒரே தடம்தான் தெரிந்தது. இரண்டும் ஒரே அகலம்.