எட்டு ஃபாரத்தில் செல்லனும் காளியும்

பென்னாகரம் பத்திர எழுத்தர் இன்னாசிராஜ் நாவல் எழுதினார். சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் இருபத்திரண்டு வருஷம் கிரயப் பத்திரம் எழுதிய கை அது. ஆகவே கதாநாயகன் செல்லன் முதல் பக்கத்திலேயே தகப்பன் பெயர், வயது, இருப்பிடம் சகிதம் ஆஜரானான். "மேற்படி செல்லன் மேற்படி புளியமரத்தடியில் அமர்ந்து மேற்படி துக்கத்தை நினைத்தான்" என்று எழுதுவார். வில்லங்கத்துக்கு இடமில்லாத வாக்கியம் என்ற திருப்தியோடு அடுத்த தாளை எடுப்பார்.

அது நாற்பத்து மூன்றாம் வருஷம். யுத்தம் காகிதத்தைத் தின்றுகொண்டிருந்தது. தர்மபுரியில் அச்சுக்கூடம் வைத்திருந்த ராஜப்பனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "நாவல் பன்னிரண்டு ஃபாரம் வரும். ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். என்னிடம் எட்டு ஃபாரத்துக்குத்தான் தாள் இருக்கிறது. கிளைக்கதையை எடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் வரவும். தவறினால் தாள் பஞ்சாங்கத்துக்குப் போய்விடும்."

கிளைக்கதை ஒன்றுதான். பங்காளிகள் பொய் வழக்குப் போட்டதால் செல்லன் ஊரைவிட்டு ஓடுகிறான். ஒகேனக்கல்லில் காளி என்கிற பரிசல்காரன் அவனை அக்கரை சேர்க்கிறான். அந்தக் காளியும் அவன் பெண்சாதி சின்னக்காவும் ஒரே பரிசலில் துடுப்புப் போடுகிறார்கள். ஏழு வருஷமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. இந்தச் சமாசாரம் வந்ததும் இன்னாசிராஜுக்கு என்னவோ ஆகிவிட்டது. 'மேற்படி'யை மறந்து எழுபது தாள் எழுதிவிட்டார்.

வெட்டவேண்டியதும் சரியாக எழுபது தாள்தான். மூலப்பத்திரத்தில் பெயர் இல்லாதவன் சொத்தில் பங்கு கேட்டால் கொடுப்பார்களா? காளியை எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் கை வரவில்லை. தர்மபுரி போய்ச் சேர்வதற்குள் முடிவு செய்துகொள்ளலாம் என்று முழுக் கட்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி பஸ் ஏறினார்.

அது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் முதுகில் ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். இண்டூர் தாண்டி ஒரு மேட்டில் பெருமழை பிடித்தது. பீப்பாய் அணைந்தது. கூரைமேல் இருந்த கரிமூட்டை சோறு வடித்த துணிபோல் சொட்டிற்று. டிரைவர் மாதேஸ்வரன் முக்கால் மணி நேரம் ஊதிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மணி மூன்றரை. தர்மபுரிக்கு இன்னும் ஏழு மைல்.

"ஈரக்கரி பத்தமாட்டேங்குது. காஞ்சது எதுனா போட்டு மொதல்ல அனலேத்தணும். யாருகிட்ட என்னா இருக்குது?"

யாரிடமும் எதுவும் இல்லை. எல்லோரும் நனைந்திருந்தார்கள். மாதேஸ்வரன் ஒவ்வொரு மடியாகப் பார்த்துக்கொண்டே வந்து எண்ணெய்த் துணியருகே நின்றார்.

"ரைட்டரய்யா, அது காயிதமுங்களா?"

இன்னாசிராஜ் வெட்டியதைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றலாம் என்றிருந்தார். நகல் கிடையாது. அடுப்பில் போனால் போனதுதான். போடாவிட்டால் ஐந்து மணி போய்விடும்; நாவலே போய்விடும்.

"எத்தினி தாள் வேணும்?"

"ஒரு அம்பது அறுபது இருந்தா மேட்டை ஏறிப்புடலாமுங்க."

காளியின் எழுபது தாளையும் உருவினார். மாதேஸ்வரன் கையை நீட்டினார். பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒகேனக்கல் ராமக்கா குறுக்கே கையை வைத்தாள்.

"இருப்பா. என்னா எழுதியிருக்குதுன்னு படிச்சுட்டுத்தான் குடுங்களேன் சாமி. எரியறதுக்கு முன்ன நாலு பேரு காதுல விழட்டும்."

"நேரமாகுதும்மா" என்றார் மாதேஸ்வரன்.

"பஸ்ஸு எங்கியும் ஓடிப்போயிடாது."

இன்னாசிராஜ் ஒரு தாளைப் படித்தார். சின்னக்கா துடுப்பை மாற்றிப் போடுகிறாள், பரிசல் சுழல்கிறது, காளி வாய் திறந்து சொல்லவேண்டும், சொல்லவில்லை. இரண்டாம் தாளுக்கு மாதேஸ்வரன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"அப்பறம் பேசுனானா இல்லியா?" என்றாள் ராமக்கா.

"அது அறுபத்தெட்டாம் தாள்ல வருது."

"அப்ப அதை எரிக்கக் கூடாது. இன்னொரு கட்டு வெச்சிருக்கிறீங்களே, அதுல என்னா?"

"அதுதான் கதை. செல்லன்."

"படிங்க."

படித்தார். மேற்படி செல்லன் மேற்படி புளியமரத்தடியில். நாலாவது வரியில் பின்சீட்டில் ஒருவர் குறட்டை விட்டார். ராமக்கா மரியாதைக்காக விழித்திருந்தாள்.

"இவன் எந்திரிச்சு எங்கியாச்சும் போவானுங்களா?"

"யோசிக்கிறாம்மா."

"எத்தினி தாளு யோசிக்கிறான்?"

பத்திர வழக்கப்படி ஒவ்வொரு விஷயத்தையும் புதுத்தாளில் தொடங்குகிறவர் இன்னாசிராஜ். மடியில் கட்டைப் பிரித்து, செல்லன் யோசிக்கும் தாள்களைத் தனியே எடுக்கத் தொடங்கினார். செல்லன் புளியமரத்தடியில், கிணற்றடியில், கோயில் பின்புறம் என்று இடம் மாறி மாறி யோசித்திருந்தான். எண்ணி முடித்தபோது எழுபத்தொன்று. மணி நாலு ஐந்து.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தாளைக்கூடக் கிழித்துப் போடாத மனுஷன். கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார்.

முதல் பத்துத் தாள் வெறும் சோகம். புகைந்ததே தவிரப் பற்றவில்லை. அடுத்து வந்த விரக்தியில் அனல் கண்டது. பங்காளிகள்மேல் செல்லன் கொண்ட கோபம் பன்னிரண்டு தாள். அது உள்ளே போனதும் பஸ் உறுமியது. மேட்டை ஏறிய வேகத்தில் முன்னால் போன மூன்று கட்டை வண்டிகளின் மாடுகள் தாமாகவே ஓரம் கட்டின என்று மாதேஸ்வரன் பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் வந்த யாரும் அதை மறுத்ததில்லை.

நாலு ஐம்பத்தெட்டுக்கு இன்னாசிராஜ் அச்சுக்கூடப் படியேறினார். பஞ்சாங்கக்காரர் முன்னமேயே வந்து தாள்கட்டின்மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ராஜப்பன் கட்டை வாங்கி எண்ணினார், அங்கங்கே புரட்டினார். ஓரிடத்தில் நின்று ஆறேழு தாள் விடாமல் படித்தார். சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது.

"எட்டு ஃபாரம் சரியா வருதுங்க" என்றார் ராஜப்பன். "நான் சொன்னாப்பிலயே கிளைக்கதையை எடுத்துட்டீங்க. பரிசல்காரன் கதை தண்ணி மாதிரி ஓடுது. ஒண்ணே ஒண்ணுதான் தங்கிப் போச்சு. செல்லன்னு ஒருத்தன் நடுநடுவுல வந்து போறான். அவனையும் எடுத்துட்டா நாலு ஃபாரத்துல முடிச்சுரலாம். பஞ்சாங்கத்துக்கும் பாதித் தாள் மிஞ்சும்."

பஞ்சாங்கக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்னாசிராஜ் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். கரி அப்பியது.

"முடியாதுங்க. அவன் பரிசல்ல ஏறி உட்காந்தாத்தான் சின்னக்காவுக்குக் கோபம் வரும். அவளுக்குக் கோபம் வந்தாத்தான் காளி வாயைத் தொறப்பான். செல்லன் இருக்கட்டும்."

ராஜப்பன் யோசித்தார். பிறகு பஞ்சாங்கக்காரரின் கையை மெல்ல எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிட்டு, முதல் தாளை அச்சுக் கோக்கிறவரிடம் கொடுத்தார்.