ஜெபக் குறிப்பில் எடுத்த கதை

ஜெபக் கூட்டத்தில் ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லி வைக்கும் ஜெபக் குறிப்பு அந்தக் கூட்டத்தைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டவைத்த பாவி நான்தான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என் நாத்தனார் அழுதுகொண்டே சொன்னாள்: மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம், ஒரு போன்கூட இல்லை. எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். நானும் மூடினேன். உள்ளே கதையின் முதல் வரி ஓடிக்கொண்டிருந்தது. எழுதுகிற புத்தி நாய் வால். சபைக்குள் வந்தாலும் நிமிராது.

பெயரையெல்லாம் மறைத்து எழுதிச் சபைப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். என் கதையில் பையன் வரவேயில்லை. தாய் அவன் சட்டைகளை மடித்து யாருக்கோ கொடுத்துவிடுகிறாள். நான் எழுதியதிலேயே உண்மையான வரிகள் அவைதான். பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளும் பாஸ்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா விசுவாசிங்க படிக்கிற கதை இப்படியா முடியும்? பையனைத் திரும்பக் கொண்டுவந்துடுங்களேன்.”

கொண்டுவந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்குவதற்குள் நாலே வரி. வாசலில் மகன், கட்டிப்பிடித்து அழுகை, ஆமென். அச்சில் என் பெயரைப் பார்க்கிற ஆசை, வேறொன்றுமில்லை.

பத்திரிகை வந்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் நாத்தனார் என்னைத் தேடி வந்தாள். செருப்படி வாங்கத் தயாராக நின்றேன். அவளோ என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அண்ணி, இது என் பிள்ளை கதைதானே? கர்த்தர் உங்களுக்குக் காட்டியிருக்கார். என் பொண்ணு அவ ஊர்ல அவகூட வந்து இருக்கச் சொல்லி டிக்கெட்டே எடுத்துட்டா. இதைப் படிச்சதும் நான் வரலைன்னுட்டேன். அவன் வர்றப்ப வீடு பூட்டியிருந்தா என்ன ஆகறது?”

வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“கர்த்தர் ஒண்ணும் காட்டலைம்மா. நானா எழுதினது. பாஸ்டரம்மா சொன்னாங்கன்னு முடிவை மாத்தினேன்.”

அவள் கை மெல்லத் தளர்ந்தது.

“அப்போ முதல்ல எப்படி முடிச்சிருந்தீங்க?”

நிஜத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இதேதான். வந்துடுறான்னுதான். வார்த்தையை மட்டும் மாத்தினேன்.”

“ஸ்தோத்திரம்” என்று மூச்சுவிட்டாள். “அவனுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க அண்ணி” என்று அங்கேயே தலை குனிந்தாள்.

அவள் தலைமேல் கை வைத்தேன். வாய் தன்பாட்டுக்கு ஜெபித்தது. வரிக்கு வரி அத்தனை அழகாக வந்தது. பக்கத்தில் நின்றவர்கள்கூட ஆமென் சொன்னார்கள்.