இரண்டாவது சீட்டு

தென் அரைக்கோளத்தில் நேர்மையான சினிமா விமர்சகன் ஒருவன்தான் இருக்கிறான். டாஸ்மேனியாவில், எங்கள் ஊர்ச் சமூகக் கூடத்தில், ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலியில் அவனைப் பார்க்கலாம். அடக்கம் கருதிப் பெயரை மறைக்கலாம் என்று பார்த்தேன். அது நேர்மையாகாது. லாக்லன். நான்தான்.

ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, பழைய படம் ஒன்றைச் சுருளில் ஓட்டி, பிறகு தேநீரோடு அதைப் பற்றிப் பேசுவது எங்கள் திரைப்படக் கழகத்தின் வேலை. உறுப்பினர்கள் பதினொரு பேர். என்னைத் தவிர எல்லோருக்கும் முழங்கால் வலி. நுழையும்போதே செயலாளர் கிளெனிஸ் ஆளுக்கொரு காகிதச் சீட்டு தருவார். ஓரத்தில் ஒன்று முதல் ஐந்து வரை அச்சிட்டிருக்கும். நாம் தரும் மதிப்பெண் எதுவோ அந்த எண்ணில் கிழித்து, தேநீர் நேரத்தில் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பேனா வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். ஒரு 'ஒன்று'கூட விழாவிட்டால் சுருளை வைத்திருந்து அடுத்த ஞாயிறும் ஓட்டுவார்கள். விழுந்தால் திங்கட்கிழமைத் தபாலில் ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பிவிடும். பிடிக்காதவனை இரண்டு முறை வதைக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்.

நான் சேர்ந்த இரண்டு வருடங்களில் எந்தப் படமும் இரண்டாம் ஞாயிறைக் கண்டதில்லை. ஒன்றில்தான் கிழிப்பேன். அதுவும் முதல் பத்து நிமிடத்துக்குள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. மற்றவர்களுக்கு நாய் வந்தால் ஐந்து, அழுகை வந்தால் ஐந்து. கெவின் ஒருமுறை இரண்டில் கிழித்துவிட்டு, மனசு மாறிவிட்டது, வேறு சீட்டு கொடு என்று கிளெனிஸிடம் போய் நின்றார். அதை வைத்தே ஒரு வருடம் ஓட்டினேன்.

"கெவின், கல்யாணத்துக்கும் ரெண்டாவது சீட்டு கேட்டீங்களா?"

"கேட்டேன்டா. தீந்துபோச்சுன்னுட்டா."

அந்த ஞாயிறு ஓட்டியது மெர்வ் கேட்டிருந்த படம். அறுபத்தொன்றில் எங்கள் பக்கத்து ஆட்டுப் பண்ணையில் எடுத்தது. "அதுல நான் இருக்கேன்" என்று வாரம் தவறாமல் சொல்வார் மெர்வ். "ஆமா, உன் தொப்பி இருக்கு" என்பார் பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி நோலீன். கிளெனிஸ் ஒரு வருடம் கடிதம் எழுதிச் சுருளை வரவழைத்தபோது நோலீன் இல்லை. மார்ச்சில் போய்விட்டார். அந்த நாற்காலியில் மெர்வ் தன் கோட்டைப் போட்டிருந்தார்.

"இன்னிக்காவது பாத்துக் கிழி, லாக்லன்," என்றார் கிளெனிஸ்.

"கலைக்கு முன்னாடி எல்லாரும் சமம், கிளெனிஸ்."

கதாநாயகன் ஆட்டைக் கட்டிக்கொண்டு காதல் வசனம் பேசினான். ஆடு நன்றாகவே நடித்தது. ஒன்பதாவது நிமிடத்தில் சர்ரக்கென்று கிழித்தேன். "விழுந்துடுச்சு" என்று முன்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

பாதிப் படத்தில் பண்ணைக் கதவு திறந்தது. திறந்த கைக்கு மேலே ஒரு தொப்பி.

"தொப்பி!" என்று கத்தினார் கெவின். கூடமே சிரித்தது.

தொப்பிக்குப் பின்னாலிருந்து வாளியோடு ஒரு பெண் வந்தாள். பதினெட்டு வயதிருக்கும். பார்க்கக் கூடாத கேமராவை நேராகப் பார்த்தாள். தவறு என்று புரிந்ததும் கீழுதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். நாலு விநாடி. என் விமர்சனங்களைக் கேட்கும்போதெல்லாம் நோலீன் அப்படித்தான் உதட்டைக் கடிப்பார். கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

தேநீரின்போது மெர்வ் கோப்பையைப் பார்த்தபடி பேசினார்.

"அவ இருக்கறத வெளிய சொல்லவே விடல. கேமராவப் பாத்துப் படத்தையே கெடுத்துட்டேன்னு அவளுக்கு அவ்ளோ வெக்கம்." ஒரு மிடறு குடித்தார். "வர்ற ஞாயித்துக்கெழம முன்னாடி உக்காரலாம்னு பாக்கறேன். தூரத்துல கண்ணு சரியாத் தெரியல."

எல்லோரும் டப்பாவைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். என் கால்சட்டைப் பையில், ஒன்றாம் எண்ணில் கிழிந்த சீட்டு இருந்தது.

கிளெனிஸ், தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன், கேக் வைத்த பிறகும். அவர் என் முகத்தைப் பார்த்தார். கெவின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேக்கைத் தூக்கி, அடியில் ஒரு புதுச் சீட்டைச் செருகி, மறுபடி வைத்தார் கிளெனிஸ்.

சமையலறைக்குள் போய், கெட்டில் விசிலடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு, தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்த அந்தச் சீட்டை ஐந்தாம் எண்ணில், சத்தமே வராதபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தேன்.