முள் அசையாத பாட்டு

யாரோ பின்னாலிருந்து அவள் காதிலிருந்த ஹெட்போனைத் தூக்கினார்கள். அவள் திரும்பினாள். கணவனின் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். இரவெல்லாம் தூங்காத கண்கள், ஆனால் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது.

"முடிஞ்சுதாம்மா?"

"அத்தை பாட்டை இப்பத்தான் திறந்தேன், அத்தான்."

"பத்தரைக்கு வண்டி வந்துடும். பதினொண்ணுக்கு மண்டபம். எங்க ஆபீஸ்ல எல்லாரும் வராங்க. அம்மா குரல் சந்தையில கூவுற மாதிரி இருக்கக் கூடாது. ஒரே சீரா, கேக்க இதமா இருக்கணும். நடுவுல உன்னைத் திட்டறாங்க பாரு, அதையும் வெட்டிடு. உனக்கும்தானே அசிங்கம்?"

பெரிய உபகாரம் செய்வதுபோல் சொன்னார். பன்னிரண்டு வருஷமாக வாங்கிய திட்டில் ஒன்றே ஒன்றுதான் பதிவாகியிருக்கிறது, அதையும் வெட்ட வேண்டுமாம். அவள் "பார்க்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் போன பிறகும் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் குளிர்பெட்டிக்குள் அத்தை படுத்திருப்பது நாற்காலியிலிருந்தே தெரிந்தது. நேற்று மதியம்வரை இந்த வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்த வாய் இறுக மூடியிருந்தது. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு சித்தி, பக்கத்திலிருந்தவளிடம் குரலைத் தணிக்காமலே சொன்னாள்.

"மாமியார் இங்க கிடக்கறாங்க, மருமக உள்ள உக்காந்து பாட்டு கேக்கறா. காலம் கெட்டுப்போச்சு."

கெடட்டும் என்று அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

பாட்டு கேட்பதுதான் அவளுடைய பிழைப்பே. குரல் தனியாக, தாளம் தனியாக, வாத்தியங்கள் தனித்தனியாகப் பதிவாகி அவளிடம் வரும். ஒன்றையொன்று மிதிக்காமல் எல்லாவற்றையும் கலந்து ஒரு பாட்டாக்கித் தர வேண்டும். அத்தைக்கு இது வேலையாகவே பட்டதில்லை. "நாள் பூரா காதை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்குச் சம்பளமா?" என்பாள். கல்யாணமான மூன்றாம் மாதமே காதடைச்சி என்று பெயர் வைத்தாள், சாகிறவரை மாற்றவில்லை. துணிக்கொடியிலிருந்து மின்விசிறியின் வேகம்வரை இருவரும் சண்டை போடாத பொருள் அந்த வீட்டில் எதுவும் இல்லை. ஒருத்தி கத்துவாள். மற்றவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வாள். அதுவும் ஒரு வகைக் கத்தல்தான்.

அத்தை காய்கறி மொத்தச் சந்தையில் முப்பத்தொரு வருஷம் ஏலம் கூவியவள். புருஷன் போன பிறகு அந்தத் தொண்டையை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்தாள். பெரியவர் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளரானார். அம்மாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "வியாபாரம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். சின்னவன், அதாவது இவள் கணவன், பேச்சை மாற்றுகிற ரகம் இல்லை. அவன் பேச்சை ஆரம்பிப்பதே இல்லை.

நுரையீரல் இனித் தேறாது என்று மருத்துவர் கைவிரித்த வாரம், அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டே இந்த அறைக்கு வந்து நின்றாள்.

"ஏய் காதடைச்சி, உன் மைக்கை எடு. என் சாவுக்கு நானே பாடிட்டுப் போறேன். வேற எவனாவது வந்து சோகமா எதையாவது ஊதினான்னா எழுந்து உக்காந்துடுவேன், ஆமா."

பாட்டும் அவளே கட்டியதுதான், நாலு அடி.

"எடுத்துட்டுப் போறவரே, எடை பார்த்து எடுங்க,
கொடுத்துட்டுப் போறவ நான், குறை சொல்லாம வாங்குங்க!"

பாடி முடித்து மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தபோது அத்தையின் கண் கணினித் திரையில் போய் நின்றது. அங்கே மரச்சட்டம் போட்ட ஒரு பெட்டி, இரண்டு குமிழ்கள், நடுவில் மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு முள்.

"இது என்னடி, தராசா?"

"கம்ப்ரஸர், அத்தை. சத்தமாப் பாடற இடத்தை அமுக்கும், மெதுவாப் பாடற இடத்தைத் தூக்கிவிடும். எல்லாம் ஒரே மட்டமாயிடும்."

"எங்க இருக்கு இந்த மெஷினு?"

"எங்கயும் இல்ல. அந்தக் காலத்து மெஷின் செஞ்சதை இப்போ மென்பொருள் செய்யுது. மரம், குமிழ், முள்ளு எல்லாம் வெறும் படம்."

"இல்லாத மெஷினுக்கு இத்தனை பவிசா!" அத்தை சிரித்தாள், சிரிப்பு இருமலானது, இருமல் அடங்க நேரமாயிற்று. "என் பெரிய மவன் பொறக்கும்போதே இதை முழுங்கிட்டுத்தான் பொறந்தான். எந்நேரமும் ஒரே மட்டம். இங்க பாரு, என் மேல மட்டும் இதை வைக்காதே. நான் கத்தினா கத்தினதுதான்."

அவள் சரி என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அத்தையிடம் எதற்கும் சரி என்று சொன்னதில்லை, சாகப்போகிறாள் என்பதற்காகப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?

இப்போது அந்தக் குரல் திரையில் கிடந்தது. சத்தமான இடங்களில் மலை, தணிந்த இடங்களில் வெறும் கோடு. பெரியவர் கேட்டபடியே செய்துவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். சாவு வீட்டில் எதற்கு வம்பு? சண்டைக்கு எதிராளி வேண்டும். எதிராளி கூடத்தில் பெட்டிக்குள் கிடக்கிறாள்.

கம்ப்ரஸரை எடுத்துக் குரலின் மேல் வைத்தாள். முள் துள்ளியது. குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் திருப்ப, மலைகள் தணிந்தன, கோடுகள் பருத்தன. திட்டையும் வெட்டினாள். பெரியவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது அடியின் நடுவே அத்தை பாட முடியாமல் நிறுத்திய இடத்தில், மூச்சின் இழுப்பு அறை முழுவதும் கேட்டது. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த இடம் ஒண்ணு போதும்மா. எல்லாரும் அழுதுடுவாங்க. அம்மா எவ்வளவு சாந்தமா இருக்காங்க பாரு."

சாந்தம்! அத்தை! அவர் போன பிறகும் அந்தச் சொல் காதில் குத்திக்கொண்டே இருந்தது. ஆனால் கேட்க நன்றாகத்தான் இருந்தது, அதை அவளால் மறுக்க முடியவில்லை. ஏன் நன்றாக இருக்கிறது என்று யோசித்தபோதுதான் சுரீரென்றது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கம்ப்ரஸரில் அமுக்கியதை ஈடுகட்ட மொத்தச் சத்தத்தையும் ஏற்றிவிடுவார்கள். ஏறிய சத்தம் எதுவானாலும் காதுக்கு நல்லதாகவே படும். அதனால் முன்னதையும் பின்னதையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து வைத்து, பிறகுதான் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். எத்தனையோ பேருக்கு அவள் சொன்ன பாடம். இன்று காலை அவளே குப்புற விழுந்திருந்தாள்.

சத்தத்தை இறக்கினாள். இரண்டையும் சமமாக்கினாள். ஹெட்போனை அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள்.

கூவல் செத்துப்போயிருந்தது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்து உட்கார்ந்திருந்தது. நெஞ்சின் இழுப்பு, எச்சில் விழுங்குவது, நாற்காலியின் முனகல். போதாக்குறைக்கு, பழைய இயந்திரம் மாதிரியே இருக்க வேண்டுமென்று அந்த மென்பொருள் தன் பங்குக்குப் போட்ட இரைச்சல் வேறு. பாடியது ஒரு சீக்காளி. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஏதாவது ஒரு கட்டிலில் கிடப்பாளே, அவள்.

கம்ப்ரஸரை அணைத்தாள். முள் ஆடாமல் நின்றது. முதல் அடி வந்தது, கேட்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி அவ்வளவு தணிவாக. சட்டென்று சந்தை ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் ஒருமுறை அங்கே போயிருக்கிறாள். அத்தை முதல் விலையைப் பக்கத்தில் நிற்பவனிடம் ரகசியம் பேசுவதுபோலச் சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று கேட்க நாலு பேர் கிட்டே வந்தார்கள். வந்ததும் அடுத்த விலை இடியாக விழுந்தது. வந்தவன் ஒருவனும் திரும்பிப் போகவில்லை. இங்கேயும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறாள் கிழவி. தணிந்து பாடியது மூச்சில்லாமல் இல்லை. இருந்த கைப்பிடி மூச்சை இரண்டாம் அடிக்காக ஒளித்து வைத்திருந்தாள்.

இரண்டாம் அடி விழுந்தபோது அவள் காதே அடைத்தது. அப்படியே மேசையில் தலையை வைத்து அழுதாள். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். ஒரே ஒரு தடவை, அன்றைக்கு மட்டுமாவது, சரி அத்தை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கண்ணைத் துடைத்துவிட்டு, வெட்டிய திட்டை எடுத்த இடத்திலேயே ஒட்டினாள். மொத்தத்தையும் ஒரு பென்டிரைவில் ஏற்றினாள். கூடத்துக்கு வந்தாள்.

"அத்தான், மாத்திட்டேன். அத்தை பாடினது பாடினபடியே போடப்போறேன்."

பெரியவர் பெட்டியின் தலைமாட்டிலிருந்து எழுந்தார். "முன்னாடி போட்டதே நல்லா இருந்துதே?"

"அதுல அத்தை இல்ல. எவளோ ஒரு சீக்காளி பாடறா."

"பெத்த பிள்ளை நான் சொல்றேன்."

"பெத்த பிள்ளை நீங்க. வாங்கிக் கட்டிக்கிட்டவ நான். அந்தக் குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

பெரியவரின் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் குரல் ஏறவில்லை. அவருக்கு எப்போதுமே ஏறாது. "அவ்வளவு பேர் முன்னாடி அம்மா அப்படிக் கத்தணுமா? எங்க மேலதிகாரி வராரு. அப்ப பாட்டே வேண்டாம். விடு."

"பாட்டு உண்டு."

"வேண்டாங்கறேன்."

"இந்த ஒரு பாட்டுக்குத்தான் அவங்க இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து வச்சாங்க. வேணும்னா என்னைப் பிடிச்சு வெளிய தள்ளுங்க. தள்ளினா வாசல்ல நின்னு போடுவேன்."

காலம் கெட்டுப்போச்சு என்ற அதே சித்தி தொண்டையைச் செருமினாள். "அந்தப் பொண்ணு சொல்றது நியாயந்தான்பா. உங்கம்மாவை அடக்க உங்கப்பனாலயே முடியல. செத்த பிறகு நீ அடக்கப் பார்க்கறியே!"

யாரோ பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். பெரியவர் தம்பியைப் பார்த்தார். அவள் கணவன் அம்மாவின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்காமலே சொன்னான்.

"போடட்டும்ணா. அம்மா சொல்லிட்டுப் போனது அவகிட்டதான்."

அன்று காலையிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். பெரியவர் சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டார். "நாலு பேர் முன்னாடி மானம் போச்சுன்னா நான் பொறுப்பில்ல."

"நான் பொறுப்பு," என்றாள். பென்டிரைவை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

மண்டபத்தில் நாற்காலிகள் நிறைந்து, பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சந்தையிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், நடுவே பெட்டி. முன்வரிசையில் பெரியவர் மேலதிகாரியின் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மூலையில் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்ளும் மண்டபக்காரரின் பக்கத்தில் அவள் நின்றாள். கூவலுக்கு ஏற்றாற்போல் சத்தத்தை அவளே வைத்தாள். "எது நடந்தாலும் இந்தக் குமிழைத் தொடாதீங்க," என்று சொல்லிப் பாட்டை ஓடவிட்டாள்.

முதல் அடி யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. அதிகாரி காதை முன்னால் நீட்டினார். பின்னால் நின்றவர்கள் ஓரடி முன்னே வந்தார்கள். பெரியவர் திரும்பிப் பார்த்து, கூட்டு, கூட்டு என்று கையால் சைகை காட்டினார். மண்டபக்காரரின் விரல் குமிழுக்குப் போனது. அவள் தன் கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"கொடுத்துட்டுப் போறவ நான்!"

முன்வரிசை முழுவதும் பின்னால் சாய்ந்தது. சந்தைப் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் "ஆகா!" என்று வாய்விட்டுச் சொன்னார். பெரியவரின் கால் தானாகக் கீழே இறங்கியது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

மூன்றாம் அடி பாதியில் உடைந்தது. "இருடி, மூச்சு வாங்கிக்கறேன். நிறுத்தித் தொலைக்காதே," என்று அத்தை மண்டபம் முழுவதற்கும் கேட்க அவளைத் திட்டினாள். அதன்பிறகு சத்தமே இல்லை. இழுப்பு இல்லை, இரைச்சல் இல்லை. யாரும் இருமவில்லை. எல்லாரும் பெட்டியையே பார்த்தார்கள்.

மண்டபக்காரர் பதறிப்போய் அவள் பக்கம் குனிந்தார். "என்னம்மா, நின்னுபோச்சா?"

"இல்லைங்க," என்றாள். "மூச்சு வாங்கிக்கிட்டிருக்காங்க."

அவர் குமிழிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.